தண்ணீர்ப் பை: வாசகர் கேள்வி, பை தைப்பவர் பதில்

(கும்பகோணத்தில் பை தைத்துக் கொடுக்கும், பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்றை நடத்துகிறவர் இவர். விடியற்காலையில் காவிரிக் கரையில் ஓடுகிறவரும் கூட. ஓட்டத்துக்கும் நடைக்கும் உடம்பில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறார்.)

அண்ணே, எனக்கு 29 வயது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு ஹைட்ரேஷன் பேக் வாங்கலாம் என்று தேடினால் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று வரிசையாகக் காட்டுகிறது. எதை வாங்குவது?
– வாசகர், பாபநாசம்

தம்பி, லிட்டர் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எந்த வழியாக ஓடுகிறீர்கள், அந்த வழியில் எங்கெங்கே தண்ணீர் கிடைக்கும், அதை முதலில் பாருங்கள். பாபநாசத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு ஊர் வந்துவிடும். ஊர் என்றால் ஒரு டீக்கடை, ஒரு கோயில், ஒரு பொதுக்குழாய். விடியும் முன்பே பாய்லர் கொதிக்கிற கடைகளுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. இப்படிப்பட்ட வழியில் இரண்டு லிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வெறும் சுமை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பை, போன், சாவி எல்லாம் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கிவிடும். நடக்கும்போது அது தெரியாது. ஓடும்போது அடிக்கு அடி தோளில் இறங்கும்.

பெரிய பிளாடர், அதாவது முதுகுப் பைக்குள் வைத்துக் குழாயால் உறிஞ்சிக் குடிக்கிற பிளாஸ்டிக் தண்ணீர் உறை, வைத்த பைகள், அடுத்த தண்ணீருக்கு வெகுதூரம் போக வேண்டிய மலைப்பாதைக்கும் வறண்ட காட்டுக்கும் சரி. நமக்குள்ள சங்கடம் வேறு. புழுக்கம். ஆற்றிலும் வயலிலும் தண்ணீர் நிற்கிற மாதங்களில், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. அந்த நேரத்தில் முதுகு முழுவதையும் மூடுகிற பையைக் கட்டிக்கொண்டால், காற்றுப் பட வேண்டிய இடத்தை நாமே அடைத்து விடுகிறோம். ஓடி முடித்துப் பையைக் கழற்றியதும் முதுகில் சில்லென்று காற்றுப் படுமே, அந்தச் சுகத்தை ஓடும்போது இழந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அதனால் உங்களுக்கு என் சிபாரிசு, முன்பக்கம் இரண்டு சாஃப்ட் ஃபிளாஸ்க் வைக்கிற ரன்னிங் வெஸ்ட், கையில்லாச் சட்டை போல மாட்டிக்கொள்கிற பை. ஃபிளாஸ்க் என்றதும் காபி ஃபிளாஸ்க்கை நினைக்காதீர்கள். குடிக்கக் குடிக்கச் சுருங்கிக்கொள்கிற மெல்லிய பாட்டில் அது. 500 மில்லி ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். எவ்வளவு குடித்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். காலியானால் பையைக் கழற்றாமலே உருவி எடுத்து டீக்கடை ஜக்கில் பிடித்துக்கொள்ளலாம். முதுகில் பிளாடர் வைத்த பையில் இரண்டுமே நடக்காது. குழாயில் உறிஞ்சிக்கொண்டே போவோம், ஒரு கட்டத்தில் வெறும் காற்று வரும், அப்போதுதான் தீர்ந்தது தெரியும். நிரப்ப வேண்டுமானால் கழற்றி, ஜிப்பைத் திறந்து, பிளாடரை உருவி, திரும்ப அதைச் செருகப் படாதபாடு பட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெஸ்ட் விளம்பரங்களில் 5 லிட்டர், 8 லிட்டர், 12 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் பை மொத்தம் எவ்வளவு சாமான் கொள்ளும் என்கிற அளவு. தண்ணீர் அளவு அல்ல. தண்ணீர் அளவைக் கீழே தனியாக எழுதியிருப்பார்கள், தேடிப் படியுங்கள். உங்களுக்கு 5 லிட்டர் வெஸ்ட் தாராளம். போன், சாவி, நூறு ரூபாய், இரண்டு கடலை மிட்டாய், வேறென்ன வேண்டும்?

கையில் எடுத்துப் பார்த்து வாங்க வாய்ப்பிருந்தால் பையை உள்பக்கமாகத் திருப்புங்கள். எங்கள் கடைக்கு எந்தப் பை வந்தாலும் நான் முதலில் செய்வது அதுதான். கை நுழையும் வளைவில் ஓரப்பட்டி எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அது தடித்த பட்டியாக, மடிப்பு உள்பக்கம் வந்திருந்தால், பத்தாவது கிலோமீட்டரில் அக்குளைத் தேய்த்துவிடும். விரலை அந்த வளைவில் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு உறுத்துவது அக்குளுக்கும் உறுத்தும். அடுத்தது, வார் வந்து சேருகிற இடம். அங்கே தையல் முன்னும் பின்னும் பலமுறை நெருக்கமாக ஓடியிருக்க வேண்டும். ஒற்றை ஓட்டம் ஓடியிருந்தால் அந்த வார் என் கடைக்கு வரும் நாள் தூரத்தில் இல்லை. மூன்றாவது ஜிப். பல் பிளாஸ்டிக்காக இருந்தாலும், இழுத்துத் திறக்கிற ரன்னர் மட்டும் மட்டமான உலோகமாக இருக்கும். வியர்வை உப்பு அதை ஒரே மழைக்காலத்தில் பூத்துப்போக வைத்துவிடும். ரன்னரில் உலோகப் பிடிக்குப் பதில் கயிற்றுப் பிடி போட்டிருந்தால், யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

போட்டியன்று வழிநெடுகத் தண்ணீர் மேசை போட்டிருப்பார்கள். அரை மாரத்தானுக்கு வெஸ்ட் இல்லாமலே ஓடலாம். பயிற்சியில் மாட்டிப் பழகியது பிடித்துப்போனால் மாட்டிக்கொள்ளுங்கள். போட்டி நாளில் புதுப் பையை முதன்முதலாக மாட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.

அண்ணா, ஹரித்ராநதிக் கரையில் காலையில் ஓடுவேன். ஆன்லைனில் வாங்கிய வெஸ்ட் இறுக்கினால் மார்பை அழுத்துகிறது, தளர்த்தினால் குதிக்கிறது. கழுத்தோரத்திலும் அக்குளிலும் சிவந்து எரிகிறது. பை தப்பா, நான் போடுவது தப்பா?
– பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

டீச்சர், உங்கள் மேல் தப்பில்லை. அந்த வெஸ்ட் ஆண் உடம்புக்கு வெட்டிய துணி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிறையக் கடைகளில் அதையே சின்ன அளவில் வெட்டி, ஊதாக் கலரில் பட்டி வைத்து, பெண்களுக்கு என்று விற்கிறார்கள். வெட்டு மாறாமல் கலரை மாற்றி என்ன பிரயோஜனம்?

நெஞ்சில் குறுக்கே வரும் இரண்டு வார்களையும் பாருங்கள். பெண்களுக்கான வெட்டில் ஒன்று மார்புக்கு மேலேயும் ஒன்று கீழேயும் விழ வேண்டும். அந்த வார்கள் ஒரே இடத்தில் தைத்திருக்காமல், மேலும் கீழும் நகர்த்துகிற தண்டவாளத்திலோ வளையங்களிலோ மாட்டியிருந்தால் சமாளிக்கலாம். தைத்தே விட்டிருந்தால், பிரித்து இடம் மாற்றித் தைக்கலாம். நல்ல பை தையல்காரருக்கு அரை மணி நேர வேலை. ஃபிளாஸ்க் பாக்கெட் நேராக மார்பின் மேல் உட்காருகிறதென்றால் அதற்கு வைத்தியம் இல்லை, பையை மாற்றத்தான் வேண்டும். விலாப் பக்கம் இறங்கின பாக்கெட், அதிலிருந்து வாய் வரை எட்டுகிற நீளக் குழல் வைத்த ஃபிளாஸ்க், இப்படிப்பட்ட வெஸ்ட்கள் கிடைக்கின்றன. விலாவில் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் நாடா இருந்தால் இன்னும் விசேஷம். அப்போது முன்பக்கத்தை நெரிக்காமல் பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ளலாம்.

அளவு எடுக்கும்போது சாதாரணச் சட்டைக்கு எடுப்பது போல எடுக்காதீர்கள். ஓடும்போது போடுகிற உள்ளாடை, மேல் துணி எல்லாம் போட்டுக்கொண்டு, மார்பின் அகலமான இடத்தில் டேப் வைத்து, மூச்சை இயல்பாக விட்டு எடுக்க வேண்டும். கம்பெனியின் சென்டிமீட்டர் அட்டவணையோடு அதை ஒப்பிடுங்கள். எஸ், எம், எல் என்கிற எழுத்தை நம்ப வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிளாஸ்க் இரண்டையும் நிரப்பி மாட்டி, மொட்டை மாடியில் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், ஆழமாக மூச்சிழுத்தால் தடுக்கக் கூடாது. முழுத் தண்ணீரோடு கட்டும்போது வாரில் இன்னும் இழுக்கக் கொஞ்சம் நீளம் மிச்சம் இருக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறையப் பை தளரும், அப்போது இழுக்க மிச்சம் இல்லையென்றால் குதிக்க ஆரம்பிக்கும்.

எரிச்சலுக்கு, பருத்திச் சுடிதார் டாப்பின் மேல் வெஸ்ட் போடுகிறீர்களா என்று பாருங்கள். பருத்தி நனைந்தால் காயாது, பாரமாகி மடிந்து தோலைத் தேய்க்கும். சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர் துணி இந்த ஒரு காரியத்துக்கு மேல். உள்ளாடையின் தையலும் வெஸ்டின் தையலும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற இடத்தில்தான் பெரும்பாலும் சிவக்கும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த இடத்தில் வாசலைன் தடவிக்கொண்டு கிளம்புங்கள். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் வியர்வையோடு போய்விடும்.

ஐயா, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் செய்கிறேன். கூட ஓடும் பையன்கள் தண்ணீர்ப் பை மாட்டி ஓடினால் தெம்பு கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– இளைஞர், ஒரத்தநாடு

வேண்டாம் தம்பி. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு நடுவில் தண்ணீர் குடிக்க நேரம் ஏது? கிளம்பும் முன் குடியுங்கள், முடித்து மூச்சு வாங்கியதும் குடியுங்கள். அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்குங்கள். பையில் ஆற்று மணலை நிரப்பிக் கட்டிக்கொண்டு ஓடுகிற கூட்டத்தோடும் சேராதீர்கள், முழங்கால் போய்விடும். செலக்‌ஷனுக்குக் காலும் மூச்சும்தான் வேண்டும்.

தம்பி, என் மகன் ஓடிவிட்டு வந்து தண்ணீர்ப் பையை அப்படியே ஆணியில் மாட்டிவிடுகிறான். குழாய்க்குள் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஒரு வாடையும் வருகிறது. கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போகுமா? இல்லை தூக்கிப் போட்டுவிடவா?
– இல்லத்தரசி, திருவாரூர்

அக்கா, முதலில் அந்தப் பையில் யாரும் வாய் வைக்காமல் எடுத்து வையுங்கள். கறுப்புப் புள்ளி பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மழை மாதத்தில் தோய்த்த துணியே மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை. கோடு போல ஒடுங்கின குழாய்க்குள் நின்ற தண்ணீர் எங்கே காயும்?

கொதிக்கிற நீர் வேண்டாம். பிளாடர் ஷீட்டை ஒட்டியிருக்கிற விளிம்புகள் இளகிவிடும், அப்புறம் கசிய ஆரம்பித்தால் நானும் தைக்க முடியாது. ஊசி போட்டால் ஓட்டைதானே விழும். கை பொறுக்கிற வெந்நீர் போதும். ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பிளாடரை நிரப்பி, வாயில் கடித்து உறிஞ்சும் வால்வை அழுத்திக் குழாய் முழுக்க அந்த நீர் வரும்படி செய்து, அரை மணி நேரம் ஊற விடுங்கள். அந்த வால்வைத் தனியாகப் பிடுங்கிக் கழற்றலாம். பையன் அதைக் கழற்றியே இருக்க மாட்டான், கழற்றிப் பாருங்கள், வாடையில் பாதி அங்கேதான் இருக்கும்.

குழாயைக் கழுவ பிரஷ் விற்கிறார்கள். இல்லாவிட்டால் தூண்டில் நரம்பைக் குழாயின் நீளத்தைவிட ஒரு முழம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை நேராகத் தொங்கவிட்டு, நரம்பின் நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு மேலேயிருந்து விட்டால் கீழே வந்துவிடும். மறுமுனையில் சுத்தமான பருத்தித் துணிக் கிழிசல் ஒன்றை, குழாயின் கனத்துக்குச் சரியாக, இறுக்கிக் கட்டுங்கள். ரொம்பப் பருமனாகக் கட்டினால் நடுவில் சிக்கிக்கொள்ளும். சோடா நீரில் நனைத்து இழுங்கள். முதல் இழுப்பில் வருகிற கறுப்பைப் பையனிடம் காட்டுங்கள், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. துணியை மாற்றி மாற்றி, வெள்ளையாக வரும் வரை இழுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். கடைசி அலசலில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் பிளாஸ்டிக் வாடையும் குறையும். இத்தனைக்குப் பிறகும் புள்ளி போகாவிட்டால் குழாயை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள், தனியாகக் கிடைக்கிறது. பிளாடரின் உள்சுவரிலேயே கறுப்பு ஏறியிருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. பையை வைத்துக்கொள்ளலாம்.

இனிமேல் வராமல் இருக்க, ஓடி வந்ததும் மிச்சத்தைக் கொட்டி, அலசி, குழாயைக் கழற்றி வாசலில் நின்று சுழற்றி உதறச் சொல்லுங்கள். பிளாடர் வாய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு மத்தையோ வளைத்த ஹேங்கரையோ செருகி, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். மழை மாதத்தில் அதுவும் காயாது. அப்போது ஒரு சுலப வழி, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு பிளாடரையும் குழாயையும் சுத்தமான கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவது. அந்தக் குளிரில் பூஞ்சணம் வளராது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் கிடப்பது பார்க்க நன்றாக இருக்காதுதான், பரவாயில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் முழங்கை உள்ளே போகிற அளவு வாய் அகலமான பிளாடராக, மேலே மடித்து உருவு பட்டை போட்டு மூடுகிற வகையாக வாங்குங்கள். சின்னத் திருகு மூடி வைத்தவை கசியாது என்று விற்கிறார்கள். கசியாததுதான், ஆனால் கழுவவும் முடியாது.

பெரிய கோயில் பக்கத்தில் வீடு. 64 வயது. வருவாய்த் துறையில் ஓய்வு. வருகிற ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன் வேளாங்கண்ணிக்கு நடந்து போக உத்தேசம். பேரன் தன் ஓட்டப் பையைத் தருகிறேன் என்கிறான். அது ஒத்துவருமா?
– வாசகர், தஞ்சாவூர்

ஐயா, பேரனுக்கு நன்றி சொல்லி அவனிடமே கொடுத்துவிடுங்கள். ஓட்ட வெஸ்ட் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் செய்தது. எடை முழுவதும் தோளிலும் நெஞ்சிலும்தான். நாள் கணக்கில் நடக்கிறவருக்கு இடுப்பு வார் வைத்த 15, 20 லிட்டர் முதுகுப்பைதான் சரி. இடுப்பு வாரை முதலில் கட்டி, எடையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் தோள் வாரை இழுக்க வேண்டும். வழியில் எல்லாரும் செய்வது நேர்மாறாக, அதனால்தான் இரண்டாம் நாள் காலையில் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

தண்ணீர் ஒரு லிட்டர் போதும், சாதாரண பாட்டிலில், பக்கவாட்டு வலைப் பாக்கெட்டில். சீசனில் அந்தச் சாலையில் தண்ணீருக்கும் மோருக்கும் குறைவே இருக்காது. நடந்து போகிறவர்களுக்குக் கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதும் இல்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களோடு நடந்து வந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரவில் நடப்பீர்கள் என்பதால் பையின் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி கண்டிப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மீட்டர் கணக்கில் வாங்கி எந்தத் தையல்காரரிடமும் தைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தத்துக்கு, குறிப்பாகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது பைக்காரன் சொல்கிற விஷயம் இல்லை.

நாங்கள் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர், டிசம்பரில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறோம். நாள் முழுக்க நடை. உங்கள் கணக்குப்படி அங்கேயும் ஒரு லிட்டர் போதுமா?
– மாணவர், நாகப்பட்டினம்

போதாது. மேலே பாபநாசம் தம்பிக்குச் சொன்னதை அப்படியே புரட்டிப் போடுங்கள். கோடியக்கரைப் பக்கம் உப்பளமும் சேற்று வெளியும்தான். நிலத்தடி நீர் உப்பு. பூநாரை இறங்குகிற இடத்தில் டீக்கடை இருக்காது, நிழலும் இருக்காது. முதுகில் பிளாடர் வைத்த பைக்கு இந்த டெல்டாவில் நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆளுக்கு 2 லிட்டர் பிளாடர், கூடவே பையில் இன்னொரு பாட்டில். குடிக்கிறதற்கு மட்டுமல்ல, கண்ணில் உப்புத் தூசி விழுந்தால் கழுவவும் வேண்டும்.

நிரப்பும்போது ஒரு சங்கதி. மூடியபின் பிளாடரைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே தங்கின காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கேயும்தான். காற்று இல்லையென்றால் பாதி தீர்ந்த பிறகும் முதுகில் சளக் சளக் சத்தம் வராது. வெளிமான் பக்கத்தில் நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் நண்பர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

குழாய் வெயிலில் கிடப்பதால் முதல் வாய்த் தண்ணீர் சுடும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் குழாய்க்குள் மெல்ல ஊதி, அதில் நிற்கிற நீரைப் பிளாடருக்கே திருப்பி அனுப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பைனாகுலர் வார் ஒன்று, கேமரா வார் ஒன்று, பையின் நெஞ்சு வார் ஒன்று, குழாய் ஒன்று, எல்லாம் கழுத்தடியில் பின்னிக்கொள்ளும். பையைக் கடைசியாக மாட்டாமல் முதலில் மாட்டிவிட்டு, பைனாகுலரை அதன் மேல் போடுங்கள். வால்வுக்கு மூடி இல்லையென்றால் ஒரு சின்னக் கவரை ரப்பர் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், அந்தக் காற்றில் வாய் வைக்கிற இடமெல்லாம் உப்புப் படியும். குரங்கு உண்டு, பையைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். திரும்பி வந்த அன்றே ஜிப்பையும் கொக்கிகளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பையில் ஓ.ஆர்.எஸ். கலக்கலாமா, நீர்மோர் ஊற்றலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

நீர்மோரைப் பையில் மட்டும் ஊற்றாதீர்கள் அம்மா. திருவாரூர் அக்காவின் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். மோர் வீட்டுக்கு வந்து, சொம்பில். சர்க்கரை, உப்பு கலந்த எதுவுமே பிளாடருக்கு ஆகாது. பிளாடரில் வெறும் தண்ணீர், கலக்கிய நீர் வேண்டுமானால் தனியாகச் சின்ன ஃபிளாஸ்க்கில். அதைக் கழுவுவது சுலபம்.

அளவுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஓடும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்து, ஈரத் துணியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு கணக்கு வரும், மார்கழியில் வேறு கணக்கு வரும். போனது அத்தனையையும் ஓடும்போதே நிரப்ப வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்துக்கொண்டே போய், மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். எடை கூடியிருந்தால்தான் கவலை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் குடித்துக் குடித்து, கிளம்பியதைவிட எடை கூடி வந்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். பையில் இருக்கிறதே என்பதற்காகக் குடித்துத் தீர்க்கக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் என்றால் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை. ஓ.ஆர்.எஸ். கலக்குவதானால் உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதின பொட்டலமாக வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் போடுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. அரை லிட்டர் ஃபிளாஸ்க்கில் முழுப் பொட்டலத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. கத்திரி வெயிலில் ஓடுகிறவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ குடிக்கக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அண்ணே, நம்ம கடையிலேயே ஒன்று தைத்துத் தர முடியாதா? எதற்கு ஆயிரக்கணக்கில் வெளியில் கொடுக்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பையைத் தைக்கலாம். உள்ளே வைக்கிற பிளாடரை வாங்கித்தான் ஆக வேண்டும். அது சூட்டில் ஒட்டுகிற வேலை, தையல் மெஷினில் ஆகாது. மற்றபடி இந்தப் பொருளே கைத்தையலில் பிறந்ததுதான். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஆகஸ்ட் வெயிலில் நூறு மைல் சைக்கிள் ஓட்டுகிற பந்தயம் ஒன்று உண்டு. 1980களின் கடைசியில் அதில் ஓட்டிய மைக்கேல் ஐட்சன் ஆம்புலன்ஸ் வேலை பார்த்தவர். குளுக்கோஸ் ஏற்றுகிற பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் போட்டு முதுகில் சட்டையோடு சேர்த்து, குழாயைத் தோள் மேலாகக் கொண்டுவந்து, துணி காயப்போடும் கிளிப்பால் அடைத்துக்கொண்டாராம். கேமல்பேக் என்ற கம்பெனி அதிலிருந்து வந்தது.

என்னிடம் தைப்பதானால் நடைக்கும் சைக்கிளுக்கும் தைத்துத் தருவேன். முதுகுப் பக்கம் ஸ்பாஞ்சுக்கு மேல் காற்றோடும் வலைத்துணி, தோள் வாரில் குழாயைப் பிடிக்க இரண்டு வளையம், வெல்க்ரோ மட்டும் வைக்க மாட்டேன், அது வலைத்துணியைப் பிய்த்துவிடும். ஓட்ட வெஸ்ட்டுக்கு என்னைக் கேட்காதீர்கள். இழுபடுகிற அந்த மெல்லிய துணி எனக்குக் கிடைக்கிற இடத்தில் இல்லை. கனத்த நைலானில் தைத்துக் கொடுத்தால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

வாங்கிய வெஸ்ட்டில் வார் நகர்த்த, ரன்னர் மாற்ற, மின்னும் பட்டி வைக்க வருகிறவர்கள் தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே இழுக்கிறது என்று சாக்பீஸால் குறித்துவிடலாம். துவைத்துக் கொண்டுவந்தால் புண்ணியம். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.